அலங்கோலத்துக்கு அறுபது மார்க்

நான் லாரி ஓட்டியவன். படிப்பு கொஞ்சம்தான். அதனாலோ என்னவோ, மேடையில் ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் முதலில் என் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கலைக்கூடத்துக்கு வந்த புது டைரக்டர் பேசியபோதும் தொட்டுப் பார்த்தேன். பர்ஸ் இருந்தது. அந்த ஆள் எடுக்க வந்தது வேறொன்று என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் சம்சாரம் படம் வரைகிறவள். பொழுது போகாமல் வரைகிற ரகம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வரைகிறாள். பெரிய பெரிய படங்கள். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றுகூட அவளுக்குப் போதாது. அதனால்தான் கலைக்கூடத்தில் ஓர் அறைக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தது. அரசாங்கம் நடத்துகிற இடம். முன்பு சோப்புக் கிடங்காக இருந்ததாம். சுவரில் ஈரம் ஏறினால் இன்னும் சோப்பு வாசனை வரும். நீளமான ஒரு நடை, அதன் ஒரு பக்கம் வரிசையாக அறைகள், அறைக்கு ஓர் ஓவியர் அல்லது ஒரு சிற்பி. வாடகை கிடையாது. அவர்கள் சொல்கிறபடி கேட்டால் போதும். வாடகையே தேவலாம் என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

"சுவர் பெருசா இருக்குங்க," என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் சுவரை அடைத்து மாட்டிய, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் அவள் வரைந்துகொண்டிருந்தது ஒரு பஸ் ஸ்டாண்ட். திடீரென்று மழை பிடித்துக்கொண்டு ஜனங்கள் சிதறி ஓடுகிற நேரம். குடை திருப்பிக்கொண்டது, செருப்பு பறக்கிறது, ஒரு பொம்பளை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் சுற்றுகிறாள். பார்த்தால் நமக்கே கால் நனைந்த மாதிரி இருக்கும். ஓரத்தில் ஒருத்தன் மட்டும் ஓடாமல் நிற்கிறான். யார் என்று கேட்டேன். "யாரோ," என்றாள். சட்டை என்னுடையது. எல்லாம் வரைந்தாயிற்று, மழை மட்டும் பாக்கி. மழையைக் கடைசியில்தான் போட வேண்டுமாம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரே புகை. ஓரத்தில் மட்டும்தான் தெரியும். பாதி நிறங்கள் ஒன்றுபோலத் தோன்றும். இந்த வருடம் தாண்டினால் வரைகிறது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. மறுநாளே மேசையை அடுக்கிவிட்டாள். இடது கோடியில் வெள்ளை. அடுத்து மஞ்சள். அப்புறம் சிவப்புகள், நீலங்கள், கடைசியில் கறுப்பு. ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே கட்டை விரல் அகலம். கை போகிற இடத்தில் நிறம் இருக்கும், பார்க்கவே வேண்டாம். அந்த மேசைதான் அவளுக்குக் கண்.

இதைக் கலைக்கூடத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"தெரிஞ்சா பாவம் பாவம்னு பேசுவாங்க. அப்புறம் ஒருத்தரும் படத்தைப் பாக்க மாட்டாங்க. என்னையத்தான் பாப்பாங்க."

சரி என்றேன்.

முன்பிருந்த டைரக்டருக்கு எல்லோரும் வைத்த பெயர் ஸ்கேல். அவர் காலத்தில் ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை எடுத்தார்கள். பிரஷ் எல்லாம் முடி மேலே பார்த்து நிற்க வேண்டும். ஈரப் படம் ஒரு சுவரில், காய்ந்த படம் எதிர்ச் சுவரில். களிமண் வேலை செய்கிறவர்கள் கையைக் களிமண் ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று ஒரு தடவை எழுதி ஒட்டினார்கள். என் சம்சாரத்துக்கு அதில் எந்தத் தொந்தரவும் இல்லை. 'சிறந்த ஒழுங்கறை' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் தாளை வெளியே எடுத்து அதன் முதுகில் நிறம் கலந்து பார்த்தாள்.

பக்கத்து அறைக்காரர்தான் பாவம். தாடி என்று கூப்பிடுவோம். நல்ல ஓவியர். அவர் அறையில் கால் வைத்தால் ஏதாவது ஒன்று நொறுங்கும். ஸ்கேல் அவரை மூச்சு விட விடவில்லை. அடுக்கி வை, அடுக்கி வை என்று அடுக்கச் சொல்லியே ஆளைப் பாதியாக்கிவிட்டார்.

பிறகு ஸ்கேலுக்கு மாற்றல் வந்தது. அளவுகோல்களைக்கூட வரிசையாக அடுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார் என்று கேள்வி. அந்த இடத்துக்கு வந்தவர்தான் இந்தப் புதியவர்.

வந்த வாரமே கூட்டம். அவளுக்குப் படியில் துணை வேண்டும் என்பதால் நானும் போனேன். ஹாலில் நாற்காலி எல்லாம் கோணலும் மாணலுமாகக் கிடந்தன. நான் எங்கள் இரண்டு நாற்காலியை நேராக இழுத்துப் போட்டேன். பியூன் ஓடி வந்தார்.

"பெரியவரே, கோணலை மாத்தாதீங்க. அளந்து போட்டது."

குனிந்து பார்த்தேன். தரையில் ஒவ்வொரு காலுக்கும் சாக்பீஸ் புள்ளி. அவர் நாற்காலியைப் புள்ளிக்குப் புள்ளி சரியாகக் கோணலாக்கிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாக்கி வைத்துவிட்டு ஆடு என்கிறார்கள்.

டைரக்டர் மேடைக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை. முடி ஒன்றுகூடக் கலையவில்லை.

"நண்பர்களே, நான் பத்து நாள் வெளிநாட்டுல பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்க பெரிய பெரிய ஓவியர்கள் வேலை செஞ்ச ரூமை எல்லாம் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். ஒரே குப்பை. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுது, நாம இத்தனை வருஷமா எங்க தப்புப் பண்றோம்னு."

காலரை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

"நானும் சின்ன வயசுல கவிதை எழுதினவன்தான். எங்கம்மா தினமும் என் மேசையைத் துடைச்சுத் துடைச்சு வெச்சாங்க. அதோட கவிதை போச்சு. இன்னிக்கு நான் வெறும் அதிகாரியா உங்க முன்னாடி நிக்கறேன்னா, அதுக்கு எங்கம்மாவோட துணிதான் காரணம்."

சிலர் கை தட்டினார்கள். கவிதை நின்றதற்கா, அம்மாவுக்கா என்று எனக்கு விளங்கவில்லை.

"ஆகவே, இனிமே இங்க ஒழுங்கு கிடையாது. அலங்கோலம்தான். ஆனா ஒண்ணு, அது இயல்பா வரணும். இயல்பா வர்றதுக்கான விதிமுறைகளை நாளைக்குப் பலகையில ஒட்டுவாங்க. இயல்பா வராதவங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்."

மறுநாள் ஒட்டினார்கள். நூறு மார்க். தரைக்கு இருபது, சுவருக்குப் பத்து, ஆளுடைய தோற்றத்துக்குப் பத்து, மேசைக்கு அறுபது. நாற்பது வாங்கினால் பாஸ். இரண்டு தடவை தவறினால் அறையைக் காலி செய்ய வேண்டும், வெளியே காத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தாடி டைரக்டரிடமே கேட்டார். "சார், படத்துக்கு எவ்வளவு மார்க்?"

"படம் விளைவு. நாம அளக்கறது காரணத்தை," என்றார் டைரக்டர்.

முதல் சோதனைக்கு மதிப்பீட்டு மேடம் வந்தார். கூட ஒருத்தர், கையில் டேப். மேடம் வாசலிலேயே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த ரூம்ல யாராவது வேலை செய்றாங்களாம்மா?"

"நான்தான்," என்றாள் என் சம்சாரம்.

மேடம் மேசையில் விரலை இழுத்துப் பார்த்தார். தூசி இல்லை. நாடி கிடைக்காத டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். டேப்புக்காரர் ஜாடிகளுக்கு நடுவே அளந்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாம் ஒரே இடைவெளி மேடம்." துக்கச் செய்தியை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏம்மா இப்படி வெச்சிருக்கீங்க?"

"கை போற இடத்துல சாமான் இருக்கணும்ல."

"அதாம்மா தப்பு. கை தேடணும். தேடும்போதுதான் புதுசா ஒண்ணு பிறக்கும்."

"தேடறதுக்கு எனக்கு நேரமில்லைங்கம்மா."

அப்போதுதான் மேடம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஓர் எட்டுப் பின்னால் வைத்தார், மழைக்கு ஒதுங்குகிற மாதிரி. பரவாயில்லை, இந்தம்மாவும் மனுஷிதான் என்று நினைத்தேன்.

"இது யார் வரைஞ்சது?"

"நான்தாங்க."

"இல்லம்மா. பயப்படாம உண்மையைச் சொல்லுங்க. இந்த மேசையிலேருந்து இந்தப் படம் வராது."

டேப்புக்காரர் எழுதிக்கொண்டார்: படம் வேறொருவர் வரைந்ததாக இருக்கலாம்.

எனக்கு எரிந்தது. "நான் வரைஞ்சேன்னு எழுதிக்கங்க," என்றேன்.

மேடம் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பட்டன் மாற்றிப் போட்ட சட்டை, வாராத தலை, ஒரு கால் மடித்த பேண்ட். "வாய்ப்பிருக்கு," என்றார்.

மொத்தம் இரண்டு மார்க் வந்தது. சுவரில் ஓர் ஆணி வளைந்திருந்ததாம், அதற்கு.

நடையில் இறங்கும்போது தாடி சொன்னார், ஸ்டோரில் அலங்கோலச் சாமான் கொடுக்கிறார்கள், வாங்கிப் போட்டால் தரை மார்க் வந்துவிடும் என்று. நான் போனேன். ஸ்டோர்க்காரர் ஒரு மூட்டையை முன்னால் தள்ளினார்.

"கசங்கின பேப்பர், காஞ்ச பெயின்ட் டப்பா, பாதி பிரஷ், உடைஞ்ச கப். பாத்துக்கங்க பெரியவரே. வருஷக் கடைசியில எல்லாத்தையும் இதே நிலைமையில திருப்பிக் குடுக்கணும்."

"கசங்கின பேப்பர் எங்க வீட்டுலயே இருக்கே தம்பி."

"அது நீங்களா கசக்கினது. செல்லாது. இது ஆபீஸ்ல கசக்கினது, ஒவ்வொண்ணுலயும் சீல் இருக்கு. அப்புறம் கப்பு விஷயத்துல ஜாக்கிரதை. உடைச்சுடாதீங்க."

"உடைஞ்ச கப்பை எப்படிப்பா உடைக்கறது?"

"அப்படித்தான் எல்லாரும் கேக்கறாங்க. போன தடவை ஒரு சிற்பி ஒரு கப்பை வாங்கிட்டுப் போய் ரெண்டு கப்பாத் திருப்பிக் குடுத்தார். இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கணக்கு உதைக்குது."

அவர் முகத்தில் துளிச் சிரிப்பில்லை. ரொம்பக் களைத்துப்போன மனுஷன். ஸ்கேல் காலத்தில் இதே ஆள்தான் இதே ஜன்னலில் துடைப்பமும் பினாயிலும் கொடுத்தார்.

மூட்டையோடு வரும்போது தாடியின் அறையை எட்டிப் பார்த்தேன். அவருக்கு இது தேரோட்டம் மாதிரி இருக்க வேண்டிய காலம். தொண்ணூற்றைந்து மார்க். மற்ற ஆபீஸ்களிலிருந்து ஆட்கள் வந்து அவர் தரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர் மட்டும் சுவரோரமாக ஒரு ஸ்டூலில், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் கிடந்த ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு.

"இது என்னப்பா, விபத்து நடந்த இடம் மாதிரி?"

"மார்க் குறையக் கூடாதாம்ணே. பிரஷ்ஷை எடுத்தா அதே இடத்துல, அதே மாதிரி சாய்ச்சுப் போடணும். பெருக்க வர்றவங்க வேற தெரியாம காலால தள்ளிடறாங்க, அதுக்குத்தான் கோடு."

"அப்ப எப்படி வரையறே?"

"எங்க வரையறது? போன வருஷம் பூரா அடுக்கியே செத்தேன். இந்த வருஷம் கலைச்சதைக் காவல் காத்தே சாகறேன்." அவர் மேசை மேலிருந்த ஜாடிகளைக் காட்டினார். "இதுங்க மூடியைத் திறந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்கே தெரியல."

வீட்டில் உட்கார்ந்து யோசித்தோம். வழி ஒன்றுதான். மேசையைத் தொடாமல், மற்றதையெல்லாம் நாசம் பண்ணி நாற்பதைப் பிடிக்க வேண்டும். தரை இருபது, சுவர் பத்து, தோற்றம் பத்து. கணக்கு சரியாக வந்தது. அந்த வேலை எனக்கு.

"இத்தனை வருஷமா வீட்டுல இலவசமாப் பண்ணினீங்க," என்றாள். "இப்ப அரசாங்கமே கேக்குது. நல்லா செய்ங்க."

"நீ மட்டும் வழியில நிக்காதே."

"கதவுலேருந்து மேசைக்கு, மேசையிலேருந்து படத்துக்கு. இந்த ரெண்டு வழியும் என்னது. மத்ததெல்லாம் உங்க ராஜ்யம்."

வேண்டுமென்று அலங்கோலம் பண்ணுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கப்பைத் தூக்கிப் போட்டால் வைத்த மாதிரியே உட்காருகிறது. பேப்பரை இறைத்தால் விரித்த மாதிரி இருக்கிறது. வீட்டில் நினைக்காமலே வருகிற காரியம், இங்கே முதுகு வலிக்கிற வரைக்கும் செய்தும் வரவில்லை. கடைசியில் களைத்துப்போய் மூட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அற்புதமாக இருந்தது.

அவள் தோற்றத்துக்கும் ஏற்பாடு. தலையைக் கலைத்துக்கொள் என்றேன். கலைத்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போய் வாரிக் கட்டிவிடும். நான் சொல்வேன், மறுபடி கலைப்பாள். இப்படி ஒரு காலைப்பொழுது போயிற்று.

இரண்டாவது சோதனைக்கு டைரக்டரே வந்துவிட்டார், போட்டோக்காரரோடு. 'சிறந்த ஒழுங்கறை' வாங்கினவளைத் திருத்திக் காட்டினால் மேலிடத்தில் பேர் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தரைக்கு இருபதும் வந்தது. சுவருக்குப் பத்தும் வந்தது. மேடம் அவள் பக்கம் திரும்பினார். திரும்புகிற அந்த நேரத்தில்தான் அவள் கை பின்னால் போய்க் கூந்தலை முடிந்து முடித்தது.

"தோற்றம், பூஜ்யம்," என்றார் மேடம்.

"என்னையப் பாருங்கம்மா," என்றேன்.

"உங்க தோற்றம் பிரமாதம் பெரியவரே. ஆனா ரூம் உங்க பேர்ல இல்லையே."

முப்பது. டைரக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். வரிசையாக நின்ற ஜாடிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அம்மா, உங்க தரை விடுதலை ஆயிடுச்சு. மேசை இன்னும் ஜெயில்ல இருக்கு. நீங்க பயப்படறீங்க. எனக்குப் புரியுது. நானே திறந்து விடறேன்."

சட்டைக் கையை மடித்தார். இரண்டு கையிலும் ஒரே அளவு மடிப்பு. போட்டோக்காரரிடம் எந்தப் பக்கம் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"சார், அதைத் தொடாதீங்க," என்றேன்.

"ஏன் பெரியவரே?"

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகத்தை இலேசாகப் பக்கவாட்டில் திருப்பினாள். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அப்படித்தான் திருப்புவாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ரொம்ப நாளா அப்படியே இருக்கு சார்," என்றேன்.

"அதான் வியாதியே."

இரண்டு கையாலும் அள்ளினார். சீட்டுக்கட்டைக் குலுக்குகிற மாதிரி ஜாடிகளைக் குலுக்கினார். மஞ்சள் கறுப்புக்குப் போயிற்று. வெள்ளை எங்கே போயிற்று என்று நான் கண் கொட்டாமல் பார்த்தும் விட்டுவிட்டேன். இரண்டைக் கவிழ்த்தார். பிரஷ்களைத் தலைகீழாகக் கொட்டினார். முடித்ததும் கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்து, அதை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"இப்ப வரைங்கம்மா. கை எங்க போகுதோ அங்க போகட்டும்."

அவள் கை வெள்ளை இருந்த இடத்துக்குப் போயிற்று. அங்கே எதுவும் இல்லை. கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, தடவி, ஒரு ஜாடியைத் தொட்டது. கேமரா சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிரஷ்ஷைத் தோய்த்தாள், தன் வழியில் நடந்து படத்துக்குப் போனாள், மேலேயிருந்து கீழே ஒரே இழுப்பு. அவள் கோடு என்றைக்கும் நடுங்காது. அன்றைக்கும் நடுங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் கூரையிலிருந்து பெட்டிக்காரியின் தோள் வரைக்கும் இறங்கிற்று.

திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "என்ன கலர்?"

"சிவப்பு," என்றேன். பொய் சொல்லிப் பழகியிருந்தால் அன்றைக்கு உதவியிருக்கும்.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"மழைக்குச் சிவப்பு," என்றார் டைரக்டர். "பாருங்க மேடம். அந்த மேசை அப்படியே இருந்திருந்தா இந்தம்மா வாழ்நாள் பூரா வெள்ளையே போட்டுட்டு இருந்திருப்பாங்க." மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேப்புக்காரர் டேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். மேசைக்கு அறுபதுக்கு அறுபது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்குகிற நேரத்தில்தான் கேட்டேன்.

"துடைச்சுடலாமா?"

"ஈரத்துல துடைச்சா பரவிடும். காயட்டும், சுரண்டிக்கலாம்."

"ரூம் தப்பிச்சுது."

"ம்," என்றாள். அவ்வளவுதான்.

கோடு காய்ந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி ஒரு நாள் போனோம். அறைக்குள் தச்சர் வேலை செய்துகொண்டிருந்தார். மேசையின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கவிழ்ந்த ஜாடிகள், கொட்டின பிரஷ்கள், எல்லாம் அப்படியே. சுற்றிலும் கயிறு. நான் கவிழ்த்த மூட்டைக்கும் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பலகை: மாதிரி மேசை, தொடக் கூடாது.

டைரக்டர் சந்தோஷமாக இருந்தார்.

"வாங்கம்மா. மேலிடத்துல ஒப்புதல் வந்தாச்சு. இனிமே வர்றவங்க எல்லாம் இதைப் பாத்துத்தான் கத்துக்கணும். ஒரு மூடிகூட நகரக் கூடாதுன்னு உத்தரவு. இந்த ரூம் ஆயுசுக்கும் உங்களுக்குத்தான்."

"தூசி விழுமே சார்," என்றார் தச்சர்.

"தூசி அனுமதிக்கப்படும்."

என் சம்சாரம் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ரேகை விழும் என்று தச்சர் துணியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப நான் எங்க வரையறது?"

டைரக்டர் அவளை வியப்போடு பார்த்தார். அந்த மனுஷன் நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"இன்னும் எதுக்கும்மா வரையணும்? அதான் அறுபது வாங்கியாச்சே."

நான் உத்தரவை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேசை இருந்தது. தரை இருந்தது. உடைந்த கப்கூட இருந்தது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், இந்தப் படம்?"

"அதா? அது உங்க இஷ்டம்," என்றார் திரும்பாமலே. பலகை நேராக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தாடியைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகப் படத்தை இறக்கிப் பக்கவாட்டில் திருப்பி வெளியே கொண்டுவந்தோம். வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை, வாசலிலேயே நுழையாது. நடையின் எதிர்ச் சுவர் நீளமாகச் சும்மா கிடந்தது. மேலே வரிசையாக ஜன்னல், நல்ல வெளிச்சம். அங்கேயே சாய்த்தோம்.

"கலர் வேணுமேக்கா," என்றார் தாடி. பதிலுக்குக் காத்திராமல் தன் அறைக்குள் போனார். சாக்பீஸ் கோட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு ஜாடியாக எடுத்துக்கொண்டு வந்தார். அவர் செருப்புப் பட்டு ஒரு கோடு அழிந்தது. இன்னொன்றும் அழிந்தது.

"மார்க் போயிடுமேப்பா," என்றேன்.

"போகட்டும்ணே. யாராவது ஒருத்தர் வரையணும்ல."

ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டோம். அவள் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். வெள்ளை இடது கோடியில். நடுவே கட்டை விரல் அகலம், அவள் கட்டை விரல், என்னுடையதில்லை. இரண்டு தடவை திட்டு வாங்கினேன். அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுக்கொண்டே போய்த் திரும்பி வந்தாள். பிறகு பிளேடை எடுத்துச் சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். அதிலேயே நிறைய நாள் போயிற்று. பழுப்பாக ஒரு தடம் நின்றுவிட்டது. அது மழைக்குள் போய்விடும் என்றாள்.

விஷயம் மேடத்துக்குப் போய்விட்டது. டேப்புக்காரரோடு வந்து பெஞ்சைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா இது, மறுபடி அடுக்கிட்டீங்க. சைபர் போட வேண்டியிருக்குமே."

டேப்புக்காரர் விதிகளைப் புரட்டினார். "மேடம், நம்ம விதி ரூமுக்குத்தான். இது நடை."

"நடைக்கு என்ன விதி?"

"நடைக்குத் தீயணைப்பு விதிதான் மேடம். நடையில வைக்கற சாமான் ஒழுங்கா அடுக்கி இருக்கணும்."

"அப்ப இந்தம்மா செஞ்சது சரியா?"

"தீயணைப்புக்குச் சரி. படைப்புக்குத் தப்பு."

டைரக்டரை அழைத்து வந்தார்கள். அவர் பெஞ்சைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நடை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தார். இந்தத் தடவை சட்டைக் கையை மடித்தால், சத்தியமாவது ஒன்றாவது, சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

அவர் மடிக்கவில்லை. "இதுக்கு ஒரு கமிட்டி போடணும்," என்றார். "நடைங்கறது ரூமா இல்லையான்னு அவங்க ஆராய்ஞ்சு சொல்லட்டும். அதுவரைக்கும் இங்க யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. ஒரு ஜாடிகூட."

டேப்புக்காரர் எழுதிக்கொண்டார். மேடம் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரும் பெஞ்சில் இடித்துவிடாமல் சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்து போனார்கள்.

அவள் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, காலடிச் சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றாள்.

"கமிட்டி எப்பக் கூடுமாம்?"

"ஒன்பது பேராம், போறப்ப பேசிக்கிட்டாங்க. யாரு தலைவர்னு இன்னும் முடிவாகலயாம்."

"அப்ப மழையை முடிச்சுடலாம்," என்று கையை நீட்டி வெள்ளையைத் திறந்தாள்.